விளையாடுவதற்கு ஒரு அண்ணன்

அவனை நான் அண்ணே என்று கூப்பிட்டது பந்து விளையாடுவதற்காகத்தான். வேறு ஒரு எண்ணமும் கிடையாது, கர்த்தர் சாட்சி. அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பா, அவன் பொறுப்பா, எங்கள் அம்மை பொறுப்பா என்று இந்த வயசிலும் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் யோசித்தால் அவன் மேல் கோபம் வருகிறது. இன்னொரு நாள் என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கே ஓடிவந்தார்களே, அந்த வருஷத்துக் கோடை. அப்பா தென்காசி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. தினமும் வண்டியில் வந்து இறங்குகிற தகரப்பெட்டியும் தையல் மிஷினும் தொட்டிலும் பார்த்துப் பார்த்து, “இன்னும் ஒரு மாசம் போனா பட்டணத்துல கடல் மட்டுந்தான் மிச்சம் இருக்கும் போலுக்கு” என்பார்.

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். பதினாறு முடிந்து பதினேழு நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் எனக்கு முன்னால் ஒருத்தி போனது கிடையாது. இது பீத்தல் இல்லை, கூடப் படித்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஓட்டத்தைவிட எனக்கு உயிர் பேட்மின்டன். இப்போது பிள்ளைகள் இறகுப் பந்து ஆடுகிறார்களே, அது இல்லை. எங்கள் காலத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மஞ்சள் கம்பளிப் பந்து. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நான் பின்வரிசையில் நின்று அடித்தால் எதிரே நிற்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கட்டிப் போட்டாற்போல ஆயிற்று. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், ஆண்பிள்ளை கிடையாது. பகல் முழுக்க அரிசி பொறுக்கு, தங்கைக்குப் பேன் பார், வாசலில் நிற்காதே. நல்லவேளை, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கோர்ட் இருந்தது. இரண்டு பழைய தண்டவாளத் துண்டை நட்டு வலை கட்டியிருப்பார்கள். சாயங்காலம் டூட்டி முடிந்த ஸ்டேஷன் ஆட்கள் ஆடுவார்கள். அந்த மாசம் ஒருவர் மாற்றலாகிப் போனதில் ஆள் குறைந்துவிட்டது. “பிள்ளை சும்மாதான நிக்குதா, ஒரு ஓரத்துல நிக்கட்டும்” என்று அப்பா என்னைச் சேர்த்துக்கொண்டார். ஆடுகிறவர்கள் எல்லாரும் நரைத்துப்போன மாமாமார், சித்தப்பாமார். அதனால் அம்மையும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் தள்ளினேன்.

அப்போதுதான் அவன் வந்தான். அவனும் அவன் அம்மாவும். அவன் அப்பாவுக்குப் பட்டணத்தில் வேலை, விட்டுவிட்டு வர முடியவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் போங்கள் என்று இவர்கள் இரண்டு பேரையும் வண்டி ஏற்றிவிட்டார். எங்களுக்குப் பின்தெருவில் வீடு பிடித்தார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயசு, காலேஜில் படிப்பு. ஒல்லி. முடி நெற்றியில் விழுந்துகொண்டே இருக்கும், கையால் தள்ளிக்கொண்டே இருப்பான். அந்தச் சவத்த வெட்டித் தொலைத்தால் என்ன என்றுதான் முதல் நாள் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மை அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஊரு, யாரு மக, யாரு வீட்டுல கட்டிக்கொடுத்திருக்கு. கால் மணி நேரத்தில் சொந்தம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கால் மணி நேரம் பேசியும் சொந்தம் வராத ஆள் கிடையாது. வந்த வினை என்னவென்றால், சொந்தம் இரண்டு வழியில் வந்தது.

அம்மை வழியில் பார்த்தால் அந்த அம்மாள் என் அம்மைக்கு அக்கா முறை. அப்போது எனக்குப் பெரியம்மை, அவன் எனக்கு அண்ணன். அப்பா வழியில் பார்த்தால் அதே அம்மாள் அப்பாவுக்குத் தங்கச்சி முறை. அப்போது எனக்கு அத்தை, அவன் அத்தான். அண்ணன் என்றால் கூடப்பிறந்த மாதிரி. அத்தான் என்றால் கட்டிக்கொள்ளுகிற முறை. நடுவில் ஒன்றும் கிடையாது.

“ஒரே ஆளு ஒனக்கு அக்கா, அப்பாவுக்குத் தங்கச்சின்னா, அப்ப நீங்க ரெண்டு பேரும் யாரும்மா?” என்று நான் கேட்டேன். அம்மை அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். தூரத்துச் சொந்தத்தில் அதையெல்லாம் தோண்டமாட்டார்கள், எது தோதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

எது தோது? அதுதான் அன்றைக்குச் சாயங்காலமே கேள்வியாக வந்து நின்றது. அவனிடம் சொந்த மட்டை இருந்தது. அப்பா அவனை ஆட வரச்சொல்லிவிட்டார். அம்மை வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். “அத்தான் முறைன்னு வெச்சா இவ அங்கன போகப்பிடாது. வயசுக்கு வந்த பிள்ள முறைக்காரன் முன்னால மட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அவன் ஆடட்டும். இவ உள்ள இருக்கட்டும்.” அப்பா தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் அம்மை சொன்னது முடிவு என்று அர்த்தம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ வந்தவன் என் கோர்ட்டில் ஆடுவான், நான் உள்ளே உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டுமா? அவன் இறங்கி ஆட ஆரம்பித்தாயிற்று. அம்மை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டையை எடுத்தேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போய், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மைக்குக் கேட்கிற மாதிரி, “அண்ணே, பந்த இங்கன போடுங்க!” என்று கத்தினேன்.

ஆட்டம் நின்றுவிட்டது. அப்பா இருமினார். அம்மை துண்டை மடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். “அது சரி. அண்ணன் தங்கச்சி ஆடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் என்னை ஒரு விநாடி பார்த்தான், பாதி வாயால் சிரித்தான், பந்தைப் போட்டான். அவ்வளவுதான். மூன்றே எழுத்தில் ஒரு வார்த்தை, எனக்குக் கோர்ட் திரும்பக் கிடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்கு இருந்த கெட்டிக்காரி என்ற நினைப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையவேண்டும்போல இருக்கிறது.

அண்ணன் தங்கச்சி ஒரே பக்கம் நிற்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் வலைக்குப் பக்கத்தில், நான் பின்னால். அவனுக்குப் பலம் கிடையாது. ஆனால் கையை ஒரு திருப்புத் திருப்பிப் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் செத்துப்போனாற்போல் விழவைப்பான். தலைக்கு மேலே போகிற பந்தெல்லாம் என்னுடையது. “அண்ணே, விடுங்க!” என்று நான் குரல் கொடுத்ததும் குனிந்துகொள்வான், நான் அவன் தலைக்கு மேலே அடிப்பேன். ஒரு வாரத்தில் எங்களை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. “பிறக்கிற முன்னாலயே பேசி வெச்சிட்டு வந்துட்டுதுக ரெண்டும்” என்று மாமாமார் கிண்டல் செய்தார்கள்.

ஒன்று கவனித்தேன். அவன் யாரையும் முறை வைத்துக் கூப்பிடவில்லை. சித்தப்பா என்றும் சொல்லவில்லை, மாமா என்றும் சொல்லவில்லை. அப்பாவை சார் என்றான். அம்மையைக் கூப்பிடாமலே பேசினான். என்னை “இந்தா”, “ஏய்”. பட்டணத்துப் பழக்கம் என்று அம்மை சொன்னாள். என்ன பழக்கமோ! நான் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டேன், அவன் சார் சொல்லியே தப்பித்துக்கொண்டான்.

பந்து பிய்ந்து போயிற்று. யுத்த காலம், கடையில் பந்து வரவில்லை. ராத்திரி டூட்டிக்குப் போட்டுக்கொள்கிற பழைய மப்ளர் ஒன்றை அப்பா தானம் செய்தார். அதைப் பிரித்து நூலாக்கி, துணிப் பொட்டணத்தின் மேல் இறுகச் சுற்றி, மேலே தைத்துவிட்டால் ஒரு வாரம் தாங்கும். நூல் சிக்காமல் வர வேண்டுமென்றால் ஒருத்தர் இரண்டு கையையும் நீட்டி நூல் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், இன்னொருத்தர் எதிரே உட்கார்ந்து சுற்ற வேண்டும். “அண்ணன்கிட்ட குடுத்துச் சுத்து” என்று அம்மைதான் சொன்னாள். அவளே சொன்னாள்.

எங்கள் முன்னறையில், பட்டப்பகலில், தங்கைகள் இரண்டும் பாயில் புரண்டுகொண்டிருக்க, அம்மை அடுக்களையில் தாளித்துக்கொண்டிருக்க, அவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எதிரே. நூல் அவன் கையிலிருந்து என் கைக்கு வந்துகொண்டிருந்தது. நான் இழுக்கிற பக்கத்துக்கு அவன் கையைச் சாய்ப்பான். நூல் எங்கேயோ சிக்கிற்று. இரண்டு பேரும் குனிந்தோம். அவன் முடி என் நெற்றியில் பட்டது. அவ்வளவுதான் நடந்தது, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு நெஞ்சு அடித்த அடி, நானூறு கஜம் ஓடினால்கூட அப்படி அடித்தது கிடையாது.

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாதே. அண்ணன் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? விடுதியில் பிள்ளைகள் எல்லாம் அண்ணன் வருகிறான் என்றால் வாசலுக்கு ஓடுவார்கள், அவன் போனால் மூக்கைச் சிந்துவார்கள். நானும் சாயங்காலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒருநாள் வரவில்லை என்றால் சோறு இறங்கவில்லை. அதுவும் இதுவும் ஒன்றுதானா? ஒருநாள் மனசு கேட்காமல் அம்மையிடம் கேட்டேவிட்டேன். “ஏம்மா, ஒங்கூடப்பொறந்த மாமாவப் பாத்தா ஒனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி பெசையுமா?” அம்மை என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மூன்று வேளை குடித்தேன். அதற்கெல்லாம் அது கேட்கவில்லை.

வைகாசி கடைசியில் மலைப்பக்கம் கருத்தது. சாரல் இறங்கிவிட்டது, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஸ்டேஷனில் பேச்சு. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகக் குற்றாலம் போனோம். பெட்ரோல் இல்லாத காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ், இலஞ்சி தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றது. அருவியில் பொம்பளைகள் பக்கம் நாங்கள், ஆம்பளைகள் பக்கம் அப்பாவும் அவனும். குளித்துவிட்டு, அம்மையும் அவன் அம்மாவும் மங்குஸ்தான் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா தங்கைகளுக்கு வடை வாங்கப் போனார். நான் முடியை உதறிக்கொண்டு நின்றேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“இந்தா, ரெண்டு நாள் என்னை அண்ணேன்னு கூப்பிடாம இரேன்.”

“ஏன்?”

“சும்மாதான். என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்.”

“வேற என்னன்னு கூப்பிட?”

“ஒண்ணும் கூப்பிடாதே” என்றான். முடியைத் தள்ளிக்கொண்டான். அதற்குள் அப்பா வடையோடு வந்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குத் தலை சுற்றியது. இவன் என்ன சொல்லுதான்? வேண்டாம் என்கிறானா, வேண்டும் என்கிறானா? கேட்கலாம் என்றால் எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது?

முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. பந்து தலைக்கு மேலே வரும், விடுங்க என்று மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை. அண்ணேயைச் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. மூன்று பந்தைத் தவறவிட்டேன். “என்ன, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டையா?” என்று ஒரு மாமா கேட்டார். இரண்டாம் நாள் காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது. உயரமாக வந்த பந்து காற்றில் தள்ளி நடுவில் இறங்கியது. அவன் பின்னால் வந்தான், நான் முன்னால் ஓடினேன். நான் குரல் கொடுப்பேன் என்று அவன் நினைத்தான். நான் கொடுக்கவில்லை. என் மட்டை அவன் புருவத்தில் பட்டது.

ரத்தம் கண்ணில் வழிந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தாவணித் தலைப்பை அவன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். “ஐயோ, ஐயோ” என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. அப்போதும் அண்ணே என்று வரவில்லை பாருங்கள். ஸ்டேஷன் ஆட்கள், “பாவம், தங்கச்சிப் பிள்ள பதறிட்டா” என்றார்கள். நான் நிமிர்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மை நின்றாள். அவள் அவன் காயத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, உள்ள வா” என்றாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். “ரெண்டு நாளா அவன அண்ணேன்னு கூப்பிட மாட்டேங்க. ஏன்?” அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவன் அம்மா வந்தாள். கையில் ஒரு கூடைப் பழம், கூடவே அவன், புருவத்தில் கட்டு. அப்பா சாப்பிட வந்திருந்தார். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, பட்டணத்துல ஒண்ணும் ஆகல, இன்னும் ரெண்டு வாரத்துல கெளம்பி வாங்கன்னு அவங்க எழுதிட்டாங்க. போறதுக்கு முன்னால பேசிரலாம்னு வந்தேன். ஒங்க வழியில பார்த்தா இவனுக்கு உங்க மக முறைதான். படிப்பு முடிய ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும். வார்த்தை மட்டும் குடுங்க.”

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வேண்டும் என்றும் இருந்தது. ஐயோ, வேண்டாம் என்றும் இருந்தது. கல்யாணம் என்றால் பட்டணத்தில் ஒரு அடுக்களை, எனக்கு மட்டை எங்கே, கோர்ட் எங்கே? அவன் எனக்கு வேண்டும், ஆனால் கோர்ட்டில் முன்னால் நிற்கிறவனாக வேண்டும். அப்படி ஒரு முறை இருக்கிறதா? யாரிடம் கேட்க?

அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அம்மை விடவில்லை. “ரெண்டு மாசமா ஊரறிய வாய் நெறைய அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டிருக்கா. ஸ்டேஷன் முழுக்கக் கேட்டிருக்கு. அண்ணன்னு கூப்பிட்டவனக் கட்டுனான்னு நாளைக்கு இவ பிள்ளைகளுக்கும் பேரு நிக்கும். அப்படி இல்லன்னா, அத்தான்னு தெரிஞ்சே இவ ஏமாத்தி ஆடுனான்னு ஆகும். ரெண்டுல எது நல்லாருக்கு, நீங்களே சொல்லுங்க.”

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே கிடையாது. “பிள்ளையே சொல்லட்டும். நீ அவன என்னன்னு நெனச்சுக் கூப்பிட்ட?”

நான் அவனைப் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று பார்த்தேன். அண்ணன்னு கூப்பிடாதேன்னு நான்தான் சொன்னேன் என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அப்பாவுக்கு என் கஷ்டம் புரிந்தது போல. “தம்பி, நீ என்ன சொல்லுத?” என்று அவனைக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி, சார்” என்றான்.

சார்! அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலையிலிருந்து கால்வரை தீப்பிடித்தது. இரண்டு நாள் கூப்பிடாதே என்று என்னைத் தனியே நிறுத்திச் சொல்லத் தெரிந்தது. சபையில் ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லை. அவ்வளவு பயந்தவனுக்கு நான் மட்டும் எதற்கு வெட்கத்தை விட வேண்டும்?

“அண்ணன்தான்” என்றேன். “அண்ணன்னு நெனச்சுத்தான் கூப்பிட்டேன்.”

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. யாராவது இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. “பாத்தீகளா” என்று அம்மை மூச்சு விட்டாள். அவன் அம்மா பழக்கூடையை நகர்த்தி வைத்தாள். அவன் தலை நிமிரவே இல்லை. கட்டுக்குக் கீழே கண் சிவந்திருந்தது, அது காயத்தினாலா வேறு எதனாலா என்று நான் இன்றுவரை அறியேன்.

விளையாடலாம் என்று அம்மை மறுபடி உத்தரவு கொடுத்துவிட்டாள். யாருக்கு வேண்டும்? வேண்டுமென்றாலும் ஆட முடியாது. ஆனி பிறந்து தென்காசிக் காற்று ஆரம்பித்துவிட்டது. கம்பளிப் பந்தை மேலே போட்டால் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று அதைத் தூக்கிக்கொண்டு குட்ஷெட்டில் போடும். வலையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அவர்கள் வண்டி ஏறினார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வண்டி கிளம்புகிற விசில் எங்கள் வீட்டுக்குள் நன்றாகவே கேட்கும்.

அப்புறம் நான் டிரெயினிங் படித்து வாத்திச்சி ஆனேன். மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பாவூர்சத்திரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷர். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லையே, யாரை நிறுத்துவது என்று அப்பா யோசித்தார். அம்மை யோசிக்கவே இல்லை. அவனுக்குக் கடிதம் எழுதினாள்.

எனக்கு அது தெரியாது. பதில் கார்டு வந்தபோதுதான் தெரியும். “சித்தி, கட்டாயம் வருகிறேன்” என்று எழுதியிருந்தான். அம்மைக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தக் கார்டைக் கிழித்துப் போடவேண்டும் என்று வந்தது. வராமல் இருந்துவிடக் கூடாதே என்றும் வந்தது. அம்மையிடம் ஏன் எழுதினாய் என்று சண்டை போட்டேன். “அண்ணன்னு நீதானட்டீ சொன்ன” என்றாள்.

வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். வேதக்கோவில் வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். மோதிரம் போட்டான். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தான். ஒன்றிலும் ஒரு குறை வைக்கவில்லை. பந்தியில் நின்று சோறு விளம்பினான். அப்பாவை சித்தப்பா என்று பத்துத் தடவை கூப்பிட்டான். நான் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை, சமாளித்துக்கொண்டே இருந்தேன். சாயங்கால வண்டிக்குப் போக வேண்டும் என்று விடைபெற வந்தான். மாப்பிள்ளையிடம் கைகொடுத்தான். என் பக்கம் திரும்பினான். அதுவரைக்கும் ஒரு தடவைகூட என்னை அவன் முறை வைத்துக் கூப்பிட்டது கிடையாது.

“நல்லா இரு, தங்கச்சி” என்றான்.

அவன் படி இறங்குவதற்குள் எனக்கு உடைந்துவிட்டது. எங்கிருந்துதான் வந்ததோ அந்த அழுகை, நிறுத்தத் தெரியவில்லை. சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாம், “கூடப் பிறக்காட்டியும் அண்ணன் மேல எம்புட்டுப் பாசம் பாரு” என்று தங்கள் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைகூட உருகிப்போய் நின்றார். அம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைக்கிற மாதிரி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“போதும்ட்டி. அண்ணனுக்கு யாரும் இம்புட்டு அழமாட்டாக.”

பிறகு என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கொடுத்தாயிற்றா என்று பார்க்கப் போனாள்.